நாக்பூர் வெயிலுக்கு ஒரு வீடு

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து, எல்லோரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்த வேளையில், நம் சங்க நண்பர் ஒருவர் சுருட்டிய காகிதம் ஒன்றைக் கொண்டு வந்து என் முன் விரித்தார். வார்தா ரோடு பக்கம் வாங்கிய மனையில் அவர் கட்டவிருக்கும் வீட்டின் வரைபடம் அது.

"சார், மதுரையிலிருந்து அப்பாவை இங்கேயே அழைச்சுக்கிட்டு வந்துடப் போறோம். அவருக்குன்னு மாடியில தென்மேற்கு மூலை அறை. வாஸ்துப்படியும் பொருத்தம். மேற்குப் பக்கம் 6 அடிக்கு ஜன்னல் வெச்சிருக்கேன். நல்லா காத்து வரும்" என்றார்.

வரைபடம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உள்ளூரப் பகீரென்றது. ஏனென்றால் இதே தவற்றை நான் 1998ஆம் ஆண்டில் செய்திருக்கிறேன். அதுவும், ரயில்வேயில் கட்டடப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே செய்தேன். அன்று நண்பரிடம் சொன்னதைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன். வீடு கட்டப் போகிறவர்களுக்கும், கட்டிய வீட்டில் வெந்துகொண்டிருப்பவர்களுக்கும் பயன்படக்கூடும்.

நான் செய்த தவறு

தஞ்சை மாவட்டத்தில் வளர்ந்தவன் நான். 'நல்ல வீடு' என்றால் என் மனத்தில் பதிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: காற்றோட்டம். ஆகவே என் வீட்டில் நாலு பக்கமும் பெரிய ஜன்னல்கள் வைத்தேன். மேற்கே தெரு என்பதால் முகப்பு அழகாக இருக்க வேண்டுமென்று அங்கேதான் மிகப் பெரிய ஜன்னல். மேலே சாதாரண கான்கிரீட் தளம், அதன் மேல் சிமெண்டுப் பூச்சு. அவ்வளவுதான்.

1999 மே மாதம் என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். நான் வேலைக்குப் போய்விட்டேன். பகல் 11 மணிக்கு வீடு புழுங்குகிறதே என்று அம்மா எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படித்தானே செய்வோம்? மேற்கு ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்தவர்களை மாலையில் என் மனைவி எழுப்பப் போனபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பேச்சு குழறியது. உள்ளே இருப்பது மகன் வீடு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் 4 நாட்கள். வெயில் தாக்கு என்றார் டாக்டர். பக்கத்து வீட்டார் 'லூ லக் கயீ' என்றார்கள்.

தெய்வாதீனமாக அம்மா பிழைத்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "ஏம்ப்பா, உன் வீட்ல அடுப்பு சமையலறையில மட்டும் இல்ல. தலைக்கு மேலயும் எரியுது, சுவத்துக்குள்ளயும் எரியுது." வேடிக்கையாகச் சொன்னதுதான். எனக்கு அது பல நாள் உறக்கத்தைக் கெடுத்தது.

எங்கள் பக்கத்து வீட்டு மராட்டியப் பாட்டி கோடையில் காலை 8 மணிக்கெல்லாம் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துத் திரையும் போட்டுவிடுவார். "இவர்களுக்குக் காற்றின் அருமையே தெரியவில்லை" என்று நாங்கள் கேலி பேசியதுண்டு. அருமை தெரியாதவர்கள் நாங்கள்தான் என்பது அந்தக் கோடையில் விளங்கியது.

வெயில் ஒன்றல்ல

'வெயில் எல்லா ஊரிலும் வெயில்தானே' என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. நம் நாட்டின் கட்டட விதிமுறைகள் இந்தியாவை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கின்றன. சென்னை வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்டலம். ஜோத்பூரும் அகமதாபாத்தும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்தவை. பெங்களூர் மிதமான மண்டலம். குளிர்ப் பிரதேசம் தனி. நாக்பூர் இவற்றில் எதிலும் முழுமையாக அடங்காத 'கலப்பு' மண்டலம். கோடையில் வறண்ட நெருப்பு, ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை ஈரப் புழுக்கம், டிசம்பரில் கம்பளி தேடும் குளிர் என்று மூன்று ஊர்களின் குணம் இங்கே ஒரே ஊரில் உண்டு.

சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் சராசரியாக 37, 38 டிகிரி. நண்பகலை ஒட்டிப் பல நாட்கள் கடல் காற்று வந்துவிடும். அந்தக் காற்று நம் உடம்பின் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்தது. வியர்வையை உலர்த்தி இதம் தரும். ஆகவே அங்கே ஜன்னலைத் திறப்பது புத்திசாலித்தனம்.

நாக்பூரில் மே மாதத்தில் 42, 43 டிகிரி சாதாரணம். 45ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. உடம்பின் சூடு 37 டிகிரிதான். 45 டிகிரிக் காற்றை உள்ளே விட்டால் அது நம்மைக் குளிர்விக்காது. அடுப்பின் மேல் ஊதுகுழல் வைத்து ஊதுவது போல நம்மையும், சுவரையும், தரையையும், கட்டிலையும் சூடாக்கும். அதே சமயம் காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த தடமே தெரியாமல் உலர்ந்துவிடுகிறது. "வேர்க்கவே இல்லையே, பரவாயில்லை" என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். உடம்பிலுள்ள நீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்குத் தாகமும் குறைவாகவே தெரியும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஆனால் இந்த ஊருக்கு இயற்கை ஒரு சலுகையும் தந்திருக்கிறது. பகலில் 43 என்றால் விடியற்காலையில் 28 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 15 டிகிரி வித்தியாசம்! சென்னையில் அந்த வித்தியாசம் சுமார் 10 டிகிரிதான். ஆகவே இங்கே செய்ய வேண்டியது எளிது. இரவின் குளிர்ச்சியை வீட்டுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, பகலில் அதை வெளியே விடாமல் கதவைச் சாத்திவிட வேண்டும். மழைக்காலம் வந்ததும் நேர்மாறாக எல்லாவற்றையும் திறந்து போட வேண்டும். இந்த ஊர் வீடு மூடவும் தெரிந்திருக்க வேண்டும், திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நான் கட்டியது திறக்க மட்டுமே தெரிந்த வீடு.

சூரியன் போகும் பாதை

வீடு கட்டுமுன் மேஸ்திரியைப் பார்ப்பதற்கு முன்னால் சூரியனைப் பார்க்க வேண்டும். நாக்பூர் 21 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ளது. சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். இங்கே அது மே 26ஐ ஒட்டித்தான் வருகிறது. அதாவது, கத்திரி வெயில் சமயத்தில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நேரத்தில் அடி வாங்குவது சுவர்கள் அல்ல, மொட்டை மாடிதான்.

தெற்குச் சுவரைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் இங்கே நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 69 டிகிரி உயரத்தில் இருக்கும். தெற்கு ஜன்னலுக்கு மேல் 2 அடி சஜ்ஜா போட்டால் நிழல் கீழே 5 அடி வரை விழும். நாலடி ஜன்னல் முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். மே மாதத்தில் சூரியன் உச்சியில் இருப்பதால் இன்னும் சுலபம். டிசம்பரில் சூரியன் 45 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது அதே சஜ்ஜா 2 அடி நிழல்தான் தரும். ஜன்னலின் கீழ்ப்பாதி வழியாக வெயில் உள்ளே வரும். குளிர்காலத்தில் அது வேண்டியதுதானே? 2 அடிக் கான்கிரீட் பலகை ஒன்று கோடைக்குக் குடையாகவும் குளிருக்குக் கணப்பாகவும் ஆகிவிடுகிறது. காசு செலவில்லாத கருவி இது.

மேற்கு அப்படியல்ல. மே மாதத்தில் மாலை 5 மணி வாக்கில் சூரியன் 20 டிகிரிக்குச் சற்று மேலே, கண்ணுக்கு நேராக நிற்கிறது. அந்த வெயிலை மேலிருந்து தடுக்க வேண்டுமானால் நாலடி ஜன்னலுக்குச் சுமார் 10 அடி நீளச் சஜ்ஜா வேண்டும்! யாரும் போட முடியாது. ஆகவே மேற்கில் சஜ்ஜாவை நம்பிப் பயனில்லை. அங்கே ஜன்னலைச் சிறிதாக்க வேண்டும், அல்லது வெளியே நிற்கும் தடுப்பு ஒன்று வேண்டும். கிழக்கிலும் காலையில் இதே கதைதான். ஆனால் காலையில் காற்று குளிர்ந்திருப்பதால் அந்த வெயில் அவ்வளவு துன்பம் தருவதில்லை.

வடக்கு பொதுவாக நல்ல பக்கம். ஜூனில் மட்டும் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் சிறிது படும். ஜன்னலின் பக்கவாட்டில் ஓர் அடிக்குச் சிறகு போல ஒரு தடுப்பு வைத்தால் போதும்.

முடிந்தால் வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கு, தெற்கு நோக்கியும், குறுகிய பக்கங்கள் கிழக்கு, மேற்கு நோக்கியும் இருக்கட்டும். மனை அதற்கு இடம் கொடுக்காவிட்டால், உள்ளே அறைகளை மாற்றி வைத்துச் சமாளிக்கலாம்.

சுவர் சூட்டைச் சேமிக்கும் உண்டியல்

9 அங்குலச் செங்கல் சுவரில் வெளியே படும் வெயில் உடனே உள்ளே வருவதில்லை. மெல்ல ஊர்ந்து, சுமார் 7, 8 மணி நேரம் கழித்துத்தான் உட்புறத்தை எட்டுகிறது. பகலில் இது நமக்கு நன்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்குச் சுவர் மாலை 3 மணி முதல் 6 மணி வரை வெயில் குடிக்கிறது. அந்தச் சூடு உள்ளே வந்து சேருவது இரவு 11, 12 மணிக்கு. நாம் படுக்கப் போகும் நேரத்தில் சுவர் உண்டியலை உடைக்கிறது! மேற்குப் படுக்கையறையில் நள்ளிரவில் மின்விசிறிக்குக் கீழும் தூக்கம் வராததன் காரணம் இதுதான்.

இதற்கு வழிகள் உண்டு. முதலாவது, மேற்குப் பக்கத்தில் மனிதர்கள் படுக்காத இடங்களை வையுங்கள். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை, சுவர் முழுவதுமான துணி அலமாரி ஆகியவை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். பழைய ரயில்வே பங்களாக்களைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் அகலமான வராந்தா, உயரமான கூரை, கூரையை ஒட்டிச் சிறு திறப்புகள். வராந்தா அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. வெயில் அறைச் சுவரைத் தொடவிடாமல் வெளியே நிறுத்தி வைக்கும் காவல்காரன் அது. நம் ஊர்த் திண்ணையும் தாழ்வாரமும் செய்ததும் இதே வேலைதான்.

இரண்டாவது, மேற்குச் சுவரை மட்டும் உள்ளே காற்று இடைவெளி விட்டுக் கட்டலாம். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்குவார்கள். சுமார் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும். நடுவில் அகப்பட்ட காற்று வெப்பத்தைத் தாமதிக்கும். பழக்கமில்லாத மேஸ்திரி முதலில் முகம் சுளிப்பார். ஒரு நாள் கூடவே நின்று கட்டச் சொன்னால் பிடித்துக்கொள்வார். இல்லையென்றால் காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான ஏஏசி கற்களை மேற்குச் சுவருக்கு உபயோகிக்கலாம்.

மூன்றாவது வழி மரம். மேற்கே ஒரு வேம்பு நடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்த்து, ஏப்ரலுக்குள் தளதளவென்று தழைத்துவிடும். சரியாக நமக்கு நிழல் தேவைப்படும் சமயம். வளரப் பத்து ஆண்டுகள் ஆகுமே என்பார்கள். வீட்டுக் கடன் அடையவும் அவ்வளவு காலம் ஆகிறதல்லவா?

தலைக்கு மேல் எரியும் அடுப்பு

இனி அம்மா சொன்ன மேல் அடுப்பைப் பார்ப்போம். மே மாதத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் ஒரு நாளில் விழும் சூரிய வெப்பம் சுமார் 6 முதல் 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1000 சதுர அடி மொட்டை மாடி என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 யூனிட். எத்தனை ஹீட்டர்களை மாடியில் வைத்து எரிப்பதற்குச் சமம் என்று எண்ணிப் பாருங்கள்.

ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. காற்றின் வெப்பம் 45 டிகிரி இருக்கும் நாளில் தண்டவாளத்தின் வெப்பம் 60ஐத் தாண்டிவிடும். தண்டவாளம் நெளிந்துவிடக் கூடாதே என்று கோடைப் பகலில் ரோந்து போவதற்கென்றே ஆட்கள் உண்டு. தண்டவாளத்துக்கு இவ்வளவு கவனம் கொடுத்த நான் என் வீட்டுத் தளத்தை மறந்துவிட்டேன். 1999இல் ஓர் இரவு 10 மணிக்கு நாற்காலி மேல் ஏறி உள்கூரையில் கைவைத்துப் பார்த்தேன். இறக்கி வைத்த இட்லிப் பானையைத் தொட்டது போல் இருந்தது. 5 அங்குலக் கான்கிரீட் சூட்டை 3, 4 மணி நேரத்தில் கீழே கடத்திவிடும். பிறகு இரவு முழுதும் கீழே இருப்பவர்கள் மேல் அது வீசிக்கொண்டே இருக்கும்.

முதல் மருந்து வெள்ளை. சாதாரண சிமெண்டுத் தளம் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. சுத்தமான வெள்ளைப் பூச்சு ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சுண்ணாம்பை நன்றாக நீர்க்கவிட்டு, வடிகட்டி, பசை சேர்த்து மார்ச் மாதத்தில் இரண்டு பூச்சு பூசினால் அந்தக் கோடைக்குத் தாங்கும். மழையில் கரைந்தால் அடுத்த மார்ச்சில் மறுபடி பூச வேண்டும். அதிகம் செலவழிக்கலாம் என்போர் இதற்கென்றே வரும் வெள்ளைப் பெயிண்டையோ, உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டுச் சில்லுகளையோ பதிக்கலாம். தூசி படிந்தால் பலன் குறையும். மாதம் ஒருமுறையாவது கழுவிவிட வேண்டும். அகமதாபாத் நகரம் 2010ஆம் ஆண்டின் கொடிய கோடைக்குப் பிறகு, 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ள நகர அளவில் திட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதையும் அங்கே மேற்கொண்டார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஆகவே இது ஏதோ கிழவன் சொல்லும் கை வைத்தியம் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது மருந்து தளத்துக்கு மேல் ஒரு போர்வை. நம் ஊர் மெட்ராஸ் டெரஸ் கூரையை நினைத்துப் பாருங்கள். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். கனமான அந்தப் போர்வைதான் கீழே இருந்தவர்களைக் காத்தது. இங்கே செங்கல் துண்டுகளை வைத்துச் செய்யும் 'கோபா'வும் அதே இனம். ஆனால் அது சூட்டைத் தாமதப்படுத்துமே தவிர, பெரிதாகத் தடுக்காது. இன்று கிடைக்கும் கெட்டியான நுரைப் பலகையை 2 அங்குலம் பரப்பி, அதன் மேல் கோபாவும் வெள்ளை ஓடும் போட்டால் வித்தியாசம் மிகப் பெரிது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வீடுகளுக்கென்று வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, கூரை வழியாக வெப்பம் ஊடுருவும் அளவுக்கு 1.2 என்ற வரம்பு வைத்திருக்கிறது. ஒரு சதுர மீட்டரில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் எத்தனை வாட் வெப்பம் நுழையும் என்பதே அந்தக் கணக்கு. வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது 3க்கும் மேல். 2 அங்குல நுரைப் பலகை சேர்த்தால் சுமார் அரை அளவுக்கு இறங்கிவிடும். போர்வையைத் தளத்துக்கு மேலேதான் போட வேண்டும். உள்ளே பொய்க்கூரை அடித்தால் தளம் வெந்துகொண்டேதான் இருக்கும்.

ஜன்னல் எவ்வளவு, எப்போது?

அதே விதித்தொகுப்பில் இன்னொரு செய்தி நமக்கு மிகவும் பொருந்தும். திறக்கக்கூடிய ஜன்னல், கதவு பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஊருக்கு ஊர் வேறாகச் சொல்கிறது. சென்னை போன்ற ஈரமான ஊருக்கு ஆறில் ஒரு பங்கு. நாக்பூர் போன்ற கலப்பு மண்டலத்துக்கு எட்டில் ஒரு பங்கு. ஜோத்பூர் போன்ற வறண்ட ஊருக்குப் பத்தில் ஒரு பங்கு. 120 சதுர அடி அறைக்கு முறையே 20, 15, 12 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் வறள வறள ஜன்னல் சிறுக்கலாம். நான் தஞ்சாவூர் ஜன்னலை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நாக்பூரில் வைத்தேன்.

ஜன்னல்கள் எதிரெதிர்ச் சுவர்களில், முடிந்தால் வடக்கிலும் தெற்கிலும் இருக்கட்டும். மாடிப்படிக் கூண்டின் உச்சியில் திறந்து மூடக்கூடிய சட்டங்கள் வையுங்கள். சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையது. இரவில் கீழ் ஜன்னல்களையும் அந்தச் சட்டங்களையும் திறந்தால் மாடிப்படி ஒரு புகைபோக்கி போல் உள்ளிருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். திருட்டுப் பயத்துக்குக் கம்பியும், கொசுவுக்கு வலையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். இவை இல்லாத ஜன்னலை இரவில் யாரும் திறக்கப் போவதில்லை.

கோடையில் கடைப்பிடிக்க வேண்டிய நேரம் இது: காலை 8 மணிக்கு எல்லாவற்றையும் சாத்துங்கள். வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகே திறங்கள். பெரும்பாலும் இரவு 8 மணிக்கு மேல் ஆகும். ஜன்னலோரம் ஒரு வெப்பமானியை வெளியிலும் ஒன்றை உள்ளேயும் மாட்டிவைத்தால் எப்போது திறப்பது என்ற வீட்டுச் சண்டை தீரும்.

கூலரைப் பற்றி

கூலரும் இந்த ஊரின் வறட்சியால் பிழைக்கும் கருவி. நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 0.6 யூனிட்டுக்கு மேல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் காற்றிலிருந்தே போவதால் காற்று குளிர்கிறது. நம் ஊரில் வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தார்களே, அதே தத்துவம்தான்.

ஆனால் நம்மவர்கள் பலர் கூலரைப் போட்டுவிட்டு ஏ.சி. அறை போல எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் அறை முழுதும் ஈரம் சேர்ந்து பிசுபிசுக்கத் தொடங்குகிறது. கூலர் காற்று ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேற வழி வேண்டும். எதிர்ப்புற ஜன்னல் ஒன்றை ஒரு சாண் திறந்து வையுங்கள். கூலரை மேற்கு வெயிலில் தொங்கவிடாமல் வடக்கிலோ கிழக்கிலோ நிழலில் வையுங்கள். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் கூலர் பயன்படாது. அப்போதுதான் நம் தஞ்சாவூர், மதுரை ஜன்னல் ஞானம் கைகொடுக்கும். எல்லாவற்றையும் திறந்து, காற்றைக் குறுக்கே ஓடவிட வேண்டும். நம் பழக்கம் தவறல்ல, அதற்குரிய மாதங்கள் வேறு.

அடுக்குமாடியில் இருப்போருக்கு

சுவரையும் கூரையையும் மாற்ற முடியாதவர்கள் வாங்கும்போதே கவனிக்க வேண்டும். மேல்தளமும் மேற்குப் பார்த்த படுக்கையறையும் ஒன்றாகச் சேர்ந்த வீட்டை, விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனத்த திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கி அறையிலேயே தங்கிவிடும். வாசலிலேயே தடுப்பதுதான் முறை. மேல்தளத்தார் எல்லோரும் சேர்ந்து குடியிருப்புச் சங்கத்திடம் கேட்டு மொட்டை மாடிக்கு வெள்ளை பூசச் சொல்லுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கோடையில் மட்டுமாவது அவர்களைத் தரைத்தளத்தின் வடக்கு அல்லது கிழக்கு அறைக்கு மாற்றுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் நீர் தெளித்து, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

பிறகு

என் வீட்டைச் சிறிது சிறிதாகத் திருத்தினேன். 2000 மார்ச்சில் சுண்ணாம்பு. 2001இல் மேற்கு ஜன்னலைப் பாதியாகக் குறைத்து, சுவருக்கு 4 அடி தள்ளி இரும்புக் குழாய்ச் சட்டம் நிறுத்தி ரங்கூன் மல்லிக் கொடி ஏற்றினேன். 2003இல் தளத்துக்கு மேல் போர்வையும் வெள்ளைச் சில்லும். முதலிலேயே யோசித்திருந்தால் இதில் பாதிச் செலவும் ஆகியிருக்காது. கட்டிய பின் இடிப்பதைவிடக் காகிதத்தில் அழிப்பது மலிவு.

2004 மே மாதம் அம்மாவைக் கெஞ்சித்தான் அழைத்து வந்தேன். காலை 8 மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டதும் அம்மாவும் எழுந்து போய் நம் ஜன்னல்களைச் சாத்துவார்கள். மாலையில் இருவரும் கொடி நிழலில் உட்கார்ந்து, பாஷை புரியாமலேயே மாங்காய்ப் பன்ஹா குடித்துக்கொண்டிருப்பார்கள். கோடை முழுவதும் இருந்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்கள்.

நண்பர் சென்ற வாரம் திருத்திய வரைபடத்துடன் வந்திருந்தார். அப்பாவின் அறை தரைத்தளத்தில் வடகிழக்குக்கு வந்துவிட்டது. மாடியின் தென்மேற்கு மூலையை வாஸ்துவை விடாமல் தமக்கே வைத்துக்கொண்டு, அதன் மேற்குச் சுவரோரம் குளியலறையும் அலமாரியும் போட்டிருக்கிறார். 6 அடி ஜன்னல் 2 அடியாகிவிட்டது. மேற்கு வேலியோரம் பென்சிலால் சிறு வட்டம் ஒன்று போட்டிருந்தார். "அது என்ன?" என்றேன்.

"வேப்பங்கன்னு சார். மனையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நட்டுட்டோம். அப்பாதான் மதுரையிலிருந்து கொண்டு வந்தார்" என்றார்.